நடைபாதையில் நடக்க எவ்வளவு மிஞ்சுகிறது?

சென்னைத் தெருக்களில் நடப்பவர்கள் கேட்ட கேள்விகளும், தெரு வடிவமைப்பில் வேலை செய்பவர் என்ற முறையில் என் பதில்களும்.

எங்கள் தெருவில் ஆறடி அகலத்துக்கு பிளாட்பாரம் போட்டார்கள். ஆனாலும் எல்லாரும் ரோட்டில்தான் நடக்கிறார்கள். நம் ஜனங்களுக்குப் பழக்கம் போதாதா மேடம்? (மடிப்பாக்கம்)

ஜனங்களைத் திட்டுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். போட்ட அகலத்தை அளக்க வேண்டாம்; ஈ.பி. பெட்டி, மரம், கடை போர்டு, நிறுத்திய பைக் எல்லாம் போக மிஞ்சியதை அளங்கள். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் 2012 வழிகாட்டி (ஐ.ஆர்.சி. 103) கேட்பது குறைந்தது 1.8 மீட்டர், அதுவும் எந்தத் தடையும் இல்லாமல். எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒதுங்கிப் போக அது தேவை. உங்கள் ஆறடியே மொத்தம் அவ்வளவுதான். நடுவில் ஒரு மின்பெட்டி நின்றால் கணக்கு தீர்ந்தது.

இன்னொன்று, வீட்டு கேட்டுகள். கார் ஏற வசதியாக ஒவ்வொரு கேட்டிலும் நடைபாதையை ரோட்டு மட்டத்துக்கு இறக்கி, தாண்டியதும் தூக்குகிறார்கள். முழங்கால் வலிக்காரர் தெரு முனை போவதற்குள் எத்தனை தடவை ஏறி இறங்குவார்? ரோட்டிலேயே போய்விடுவார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். நடைபாதை ஒரே மட்டத்தில் போக வேண்டும், கார்தான் ஓரச் சரிவில் ஏறி இறங்க வேண்டும்.

பிளாட்பாரம் ஏன் இவ்வளவு உயரம்? அம்மாவால் கால் தூக்கி வைக்கவே முடியவில்லை. (மந்தைவெளி)

பல இடங்களில் மழைநீர்க் கால்வாயின் மூடிதான் நடைபாதை. கால்வாயின் உயரம் எதுவோ அதுவே உங்கள் அம்மா ஏற வேண்டிய உயரம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு உயர்ந்த தெருக்களில், அடுத்த முறை கால்வாயையும் இன்னும் தூக்கிக் கட்டுகிறார்கள்.

15 செ.மீ. தாண்டக்கூடாது என்பது விதி. அதற்குக் காரணம் உண்டு. சக்கர நாற்காலிச் சரிவு 1-க்கு 12 என்ற கணக்கில் இருக்க வேண்டும். 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு போதும், 30 செ.மீ. என்றால் 3.6 மீட்டர். தெரு முனையில் அதற்கு இடம் எங்கே? அதனால்தான் பலர் சரிவு என்ற பெயரில் சறுக்குமரம் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

பைக் ஏறாமலிருக்கக் கம்பி நட்டார்கள். இப்போது என் சக்கர நாற்காலியும் நுழையவில்லை. (அண்ணா நகர்)

நாற்காலி நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். அகலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பைக்கைத் தடுக்க வேண்டியது அபராதம், கம்பி அல்ல. கம்பிகளுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ. விடச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதுங்கள், அதன் புகார் எண் 1913-க்கும் போன் போட்டுப் பதியுங்கள். அசையவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுங்கள். 2016 உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

நடை மேம்பாலம் கட்டிவிட்டால் ரோட்டைக் கடக்கும் ஆபத்தே இருக்காதே? (பல்லாவரம்)

பஸ்ஸும் லாரியும் அடியில் போக 5.5 மீட்டர் விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் சுமார் 40 படி ஏறி, 40 படி இறங்க வேண்டும். காய்கறிப் பையோடு யார் ஏறுவார்கள்? தரையிலேயே சிக்னல் வைத்து, போதிய நேரம் கொடுப்பதுதான் சரி. 15 மீட்டர் ரோட்டை வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 13 வினாடியில் கடப்பார், 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 19 வினாடி ஆகும். நேரத்தைப் பாட்டிக்கு வையுங்கள். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டும் வேண்டும்.

தி.நகரில் 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை வேறு கதை. மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் ஏற்கெனவே மேலே இருப்பவர்களை அப்படியே பஸ் நிலையத்துக்குக் கொண்டு போகிறது.

தெருவோரக் கடைகளை எடுத்துவிட்டால் பாதி பிரச்சினை தீருமே? (புரசைவாக்கம்)

தீராது. காலியான இடத்தில் மறுநாளே கார் நிற்கும். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்து, இடம் ஒதுக்காமல் விரட்டவும் முடியாது. மரங்களுக்கு இடைப்பட்ட பட்டையில் அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தால், நடக்கும் பட்டை தானாக விடுபடும். பூக்கடை இருக்கும் தெருவில் ராத்திரி ஒன்பது மணிக்கும் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

பாண்டி பஜார் மாதிரி எல்லாத் தெருவும் ஆகுமா? (கொளத்தூர்)

ஆக வேண்டாம். தி.நகர் பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த நடைபாதை வளாகம் ஒரு கடைவீதிக்குப் பொருத்தம். கொளத்தூருக்கு வேண்டியது கிரானைட் அல்ல; பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் ஸ்டாப் வரை அறுபடாத ஒரே பாதை. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று மாநகராட்சி 2014-லேயே கொள்கை எழுதியது. அடுத்த வார்டு கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டி, உங்கள் வார்டின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.