நங்கூரம் தூக்க ஒரு கைவிஞ்சு: பைபர் படகுக்குச் செலவு குறைந்த வழி

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் 28 அடி பைபர் படகில் தூண்டில் தொழில் செய்கிறேன். உடன் வருபவர் ஒருவர்தான். 15 பாக ஆழத்தில், பார்களின் (கடலடிப் பாறைத் திட்டுகளின்) ஓரமாக, ஓர் இரவில் ஆறேழு முறை நங்கூரம் போட்டு எடுக்கிறோம். நங்கூரம் 15 கிலோ. அதில் 10 மி.மீ. சங்கிலி 5 மீட்டர், அதன்மேல் 14 மி.மீ. பிளாஸ்டிக் கயிறு 80 மீட்டர். இடுப்பு வலி தாங்க முடியவில்லை. கடையில் விற்கும் விஞ்சு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) எங்கள் கைக்கு எட்டாத விலை. பழைய கார் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து 10,000 ரூபாய்க்குள் நாங்களே ஒன்று செய்துகொள்ள முடியுமா?

பதில்: விஞ்சை நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் வேண்டாம். உங்கள் எடைக்கும் ஆழத்துக்கும் மோட்டாரே தேவையில்லை என்பது என் கருத்து. கையால் சுற்றும் விஞ்சு ஒன்றும், அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிறு உருண்டு வர நல்ல உருளி ஒன்றும் போதும். ஏன் என்பதற்குக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நங்கூரமும் சங்கிலியும் சேர்ந்து கரையில் ஏறத்தாழ 26 கிலோ. இரும்பு நீருக்குள் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழப்பதால் கடலுக்குள் அது 23 கிலோ. நீங்கள் பிளாஸ்டிக் கயிறு என்று சொல்வது பாலிபுரோப்பிலீன். அது மிதக்கும் கயிறு, ஆகவே அதன் எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 15 பாகம் என்பது 27 மீட்டர். நீங்கள் 80 மீட்டர் கயிறு விட்டிருந்தாலும், என்ஜினை மெல்ல ஓட்டி நங்கூரத்தின் தலைக்கு மேல் படகைக் கொண்டுவரும் வரை தொய்ந்து வரும் கயிற்றைச் சுமையே இல்லாமல் கையால் அள்ளிப் போட்டுவிடலாம். எடையோடு தூக்க வேண்டியது அந்தக் கடைசி 27 மீட்டரை மட்டுமே. படகை முன்னே ஓட்டாமல், காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்துப் படகையே கயிற்றால் இழுத்துக் கொண்டுபோவதுதான் பலருடைய இடுப்பை ஒடிக்கிறது. அதற்கு விஞ்சு மருந்தல்ல.

இன்னொரு வீண் சுமையும் இருக்கிறது. உருளி இல்லாத படகில் கயிறு பைபர் விளிம்பின்மேல் செங்கோணமாக மடங்கி உரசிக்கொண்டு வரும். அந்த உரசல் மட்டுமே சுமையை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கிவிடும். 23 கிலோவுக்கு நீங்கள் 34 கிலோ இழுக்கிறீர்கள். ஆகவே முதல் செலவு உருளிக்கு ஆகட்டும். 80 மி.மீ. விட்டத்துக்குக் குறையாத, நடுவில் குழிவாகக் கடைந்த எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) உருளி, அதன் இருபுறமும் கயிறு துள்ளி வெளியேறாதபடி உயர்ந்த கன்னத் தகடுகள், மேலே குறுக்காக ஒரு கழற்றக்கூடிய ஊசி. இவ்வளவையும் உள்ளூர் லேத் பட்டறையில் செய்துவிடுவார்கள்.

இனி விஞ்சு. கயிறு முழுவதையும் தன்மேல் சுருட்டி வைத்துக்கொள்ளும் கிணற்று ராட்டினம் போன்ற டிரம்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது வேண்டாம் என்பேன். 14 மி.மீ. கயிறு 80 மீட்டரைச் சுருட்டினால் ஏறத்தாழ 16 லிட்டர் இடம் பிடிக்கும். 10 செ.மீ. தடிமனும் 30 செ.மீ. அகலமும் கொண்ட டிரம்மில் அது முழுதும் ஏறும்போது வெளிவிட்டம் 28 செ.மீ. அளவுக்குப் பருத்துவிடும். விட்டம் பெருகப் பெருக அதே கைப்பலத்துக்குக் கிடைக்கும் இழுவை குறையும். முழு எடையும் கயிற்றில் தொங்கும் நேரத்தில் ஆரம்பத்தில் இருந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அதைவிடப் பெரிய ஆபத்து, நங்கூரத்தை இறக்கும்போது கைப்பிடி தானாகச் சுழல்வது. சுழலும் இரும்புப் பிடி மணிக்கட்டையோ முகவாயையோ தாக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக, கயிற்றை மூன்று நான்கு சுற்று மட்டும் சுற்றி, வெளிவரும் முனையைக் கையால் பிடித்து இழுக்கும் மொட்டை உருளை போதும். இதைக் காப்ஸ்டன் என்பார்கள். இதில் சுமையைத் தாங்குவது கயிறுக்கும் இரும்புக்கும் இடையிலான உராய்வு. நனைந்த கயிறு வழவழப்பான இரும்பின்மேல் இருக்கையில் உராய்வு எண்ணை 0.15 என்று குறைத்தே எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு முழுச் சுற்றும் பிடிப்பை இரண்டரை மடங்கு பெருக்கும். மூன்று சுற்றில் 17 மடங்கு, நான்கில் 43 மடங்கு. 60 கிலோ இழுவையை நான்கு சுற்றில் நிறுத்திவைக்க, வெளிமுனையில் ஒன்றரை கிலோ பிடிப்பு போதும். இறக்கும்போது சுற்றுகளைக் கழற்றிவிட்டுக் கயிற்றை நேராகக் கடலில் விடுகிறீர்கள். பிடி அசைவதே இல்லை.

உருளைக்கு 4 அங்குல இரும்புக் குழாய்த் துண்டு எடுங்கள். அதன் வெளிவிட்டம் 114 மி.மீ. நீளம் 15 செ.மீ. போதும். கைப்பிடியின் வீச்சு 30 செ.மீ. இருந்தால் பலம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகும். உருளியிலும், தண்டு சுழலும் புஷ்ஷிலும் வீணாகும் உராய்வுக்கு முப்பது விழுக்காடு சேர்த்துக்கொண்டாலும், 23 கிலோவைத் தூக்கப் பிடியில் தேவைப்படுவது 6 கிலோ விசைதான். நிமிடத்துக்கு 30 சுற்று என்ற நிதானமான வேகத்தில் கயிறு 10 மீட்டருக்குச் சற்று மேல் ஏறும். 27 மீட்டருக்கு இரண்டரை நிமிடம். இவ்வளவுக்கு ஒரு மோட்டாரும் பேட்டரியும் எதற்கு?

உருளையின் வடிவத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைத் தவறவிட்டுத்தான் நான் பாடம் கற்றேன். நான் செய்த முதல் விஞ்சில் வெறும் நேர்க்குழாயையே வைத்தேன். பத்து மீட்டர் கயிறு ஒழுங்காக ஏறியது. பிறகு உள்ளே வரும் கயிறு நகர்ந்து நகர்ந்து உருளையின் ஓரத்தை எட்டியது. மேலே நகர இடமில்லாமல் தன் முந்தைய சுற்றின் மேலேயே ஏறி அதை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. அதன்பின் வெளிமுனையை விட்டாலும் கயிறு நழுவவில்லை. உருளையைப் பின்னோக்கித் திருப்பித்தான் அவிழ்க்க முடிந்தது. கையால் சுற்றியதால் சிரித்துக்கொண்டே அவிழ்த்தோம். மோட்டாராக இருந்தால் அணியத்தையே பிய்த்திருக்கும். இதைத் தவிர்க்க, கயிறு உள்ளே வரும் ஓரத்தில் குழாயை 114 மி.மீ.யிலிருந்து 150 மி.மீ. வரை சரிவாக விரியும் கூம்பாக்கிப் பற்றவையுங்கள். ஏறும் கயிறு அந்தச் சரிவில் சறுக்கி முந்தைய சுற்றுகளை நடுவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அணியத்து உருளியிலிருந்து வரும் கயிறு அந்தக் கூம்பின் அடியில் நேராக வந்து சேரும்படி விஞ்சை நிறுத்த வேண்டும். மறு ஓரத்தில் சிறிய விளிம்பு இருந்தால் போதும். பிடிப்புக்காக உருளையின் நீளவாக்கில் ஆறு மி.மீ. கம்பிகள் நான்கைப் பற்றவைத்து, முனைகளையும் வெல்டிங் துளிகளையும் கையால் தடவினால் உறுத்தாத அளவுக்குத் தேய்த்துவிடுங்கள். கரடுமுரடாக விட்டால் கயிறு சில மாதங்களில் பஞ்சாகிவிடும்.

குழாய் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆக இருந்தால், பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முழுதும் தேய்த்து எடுத்த பிறகே வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் இரவு குளிர்காய்ச்சல் வரும்.

அச்சுத்தண்டு 25 மி.மீ. எவர்சில்வர்; 304 தரம் போதும், 316 கிடைத்தால் நல்லது. பேரிங் கடையில் யூசிபி 205 என்ற வார்ப்பு உறையோடு வரும் பால் பேரிங்கைக் காட்டுவார்கள். தண்டுக்கு அது சரியாகப் பொருந்தும், ஆனால் உப்புத் தண்ணீரில் நெடுநாள் நில்லாது. இவ்வளவு மெதுவாகச் சுற்றும் தண்டுக்கு கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்ஷோ எச்.டி.பி.இ. புஷ்ஷோ போதும். நைலான் புஷ் போட்டால் அது நீரை உறிஞ்சி ஊதும் என்பதை மறக்காமல், அரை மில்லிமீட்டர் தளர்வு விட்டுக் கடையச் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டறையில் வழுக்கிச் சுற்றிய தண்டு இரண்டாவது வாரம் கடலில் இறுகிக்கொள்ளும்.

பிடியை விட்டால் உருளை பின்னோக்கிச் சுழலாமல் இருக்க ராட்செட் வேண்டும். பழைய மோட்டார்சைக்கிளின் பின்சக்கர ஸ்புராக்கெட்டைத் தண்டில் பொருத்தி, 10 மி.மீ. தகட்டில் வெட்டிய தடுப்புப் பல்லை அதன் பள்ளத்தில் விழும்படி அமைக்கலாம். தடுப்புப் பல்லின் ஆணியை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். சுமை ஏறும்போது அந்தப் பல் பள்ளத்துக்குள் மேலும் இழுக்கப்பட வேண்டும், வெளியே தள்ளப்படக் கூடாது. அட்டையில் வெட்டி, சுவரில் குண்டூசியால் குத்தி ஆட்டிப் பார்த்தால் இது உடனே விளங்கிவிடும். ஒன்றுக்கு இரண்டு தடுப்புப் பற்கள், இரண்டுக்கும் எவர்சில்வர் ஸ்பிரிங். ராட்செட் இருந்தால் ஒருவர் மட்டுமே வேலை செய்யும் நேரத்திலும் ஒரு கையால் பிடியையும் மறு கையால் கயிற்று முனையையும் கவனித்துக்கொள்ள முடியும். இருவர் இருந்தால் ஒருவர் சுற்ற, மற்றவர் முனையை இழுத்துக் கூடையில் வளைத்துப் போடுவதே வசதி.

விஞ்சு கெடுவதைவிட, அது நிற்கும் இடம் பிய்ந்துபோவதே அதிகம். பைபர் தகட்டில் நேரடியாக போல்ட் போடாதீர்கள். முன் குறுக்குப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, அடியில் 18 மி.மீ. மரைன் பிளைவுட் துண்டை ஒரு சாண் அகலத்துக்குக் கொடுத்து, 12 மி.மீ. எவர்சில்வர் போல்ட் நான்கால் ஊடுருவி முடுக்குங்கள். துளைகளின் உட்சுவரில் ரெசின் தடவி உலரவிட்ட பிறகு போல்ட்டை இறக்கினால், பலகைக்குள் நீர் இறங்கி உள்மரம் அழுகாது.

விஞ்சை விடவும் வலுவாக ஒன்று படகில் இருக்க வேண்டும்: கயிறு கட்டும் குற்றி. நங்கூரத்தைக் கீழிருந்து தூக்குவது மட்டுமே விஞ்சின் வேலை. படகை நிறுத்தி வைப்பதும், சிக்கிய நங்கூரத்தைப் பிடுங்குவதும் அதன் வேலையல்ல. கயிறு செங்குத்தாக நின்று, நங்கூரம் வராமல் முரண்டு பிடிக்கும்போது, அலை அணியத்தைத் தூக்கினால் கயிற்றில் ஏறும் இழுவை சில நூறு கிலோ இருக்கும். அந்த நேரத்தில் பிடியைச் சுற்றாமல், கயிற்றைக் குற்றியில் கட்டிவிட்டுக் காத்திருங்கள். இரண்டு மூன்று அலைகளில் அலையே அதைப் பிடுங்கிக் கொடுக்கும். கயிற்றின் இழுவை தளர்ந்ததும் விஞ்சுக்கு மாற்றுங்கள்.

நீங்கள் பார் ஓரத்தில் தொழில் செய்பவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சங்கிலியை நங்கூரத்தின் தலை வளையத்தில் பூட்டாமல், அதன் அடிமுனையில், கொக்கிகள் கூடும் இடத்தில் பூட்டி, தண்டின் நீளத்துக்குக் கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய நைலான் நூலால் சில சுற்று கட்டிவிடுங்கள். சாதாரணமாக நங்கூரம் எப்போதும்போலப் பிடிக்கும். பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டால், குற்றியில் கட்டிய இழுப்பில் நூல் அறுந்து, நங்கூரம் பின்பக்கமாக இழுபட்டுக் கழன்று வரும். நூலின் சுற்று எண்ணிக்கையை இரண்டு மூன்று நாள் பழக்கத்தில் நீங்களே கண்டுகொள்வீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள்ளோ, வேறெங்கும் உயிர்ப்பவளத்தின் மேலோ நங்கூரம் போடுவதற்கு இது வழியல்ல. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பக்கத்து மணலில் போடுங்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டாரை ஏன் மறுத்தேன் என்று கேட்பீர்கள். அதற்குப் பலம் இருக்கிறது, ஆனால் அது சில வினாடிகள் மட்டுமே ஓடப் பிறந்தது. நூறு ஆம்பியருக்கு மேல் இழுத்து, இரண்டு நிமிடத்தில் தன்னையே எரித்துக்கொள்ளும். உப்புக்காற்றுக்கு அடைப்பும் கிடையாது. வைப்பர் மோட்டார் மறுகோடி, உங்கள் சுமைக்கு அது திணறும். கையில் பணம் சேர்ந்த பிறகு மோட்டார் வேண்டும் என்று தோன்றினால், இதே உருளையின் தண்டில், வார்ம் கியரோடு வரும் 12 வோல்ட், 250 முதல் 350 வாட் மோட்டாரைச் செயின் மூலம் இணைக்கலாம். நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகத்தில் 40 கிலோ இழுவைக்கு அது 20 ஆம்பியர் எடுக்கும். ஒரு முறை தூக்க ஒன்றரை நிமிடம், அதாவது அரை ஆம்பியர்-மணி. ஏழு முறைக்கு மூன்றரை. 35 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கரையில் சார்ஜ் செய்து எடுத்துப் போனாலே மிச்சம் இருக்கும். ஒயர் 10 சதுர மி.மீ. இருக்கட்டும், பேட்டரி முனையிலேயே 30 ஆம்பியர் பியூஸ் இருக்கட்டும். பொறி பறக்கும் ரிலேவையும் சுவிட்சையும் எண்ணெய் டேங்கிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

10,000 ரூபாய் பற்றி: குழாய், தண்டு, ஸ்புராக்கெட் மூன்றையும் பழைய இரும்புக் கடையில் பொறுக்கினால் கைவிஞ்சும் உருளியும் அந்தத் தொகைக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன், லேத் கூலிதான் பெரும்பகுதி. அதற்கும் முடியாத மாதங்களில் மிதவையைப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. கயிற்றில் ஓடும் பெரிய வளையத்தில் 45 செ.மீ. விட்டமுள்ள மிதவையைக் கட்டிவிட்டு, கயிற்றைப் பின்னோக்கி விட்டபடி படகை முன்னே ஓட்டினால், கயிறு வளையத்தினூடே ஓடி நங்கூரம் மிதவையடிக்கு ஏறிவரும். அவ்வளவு பெரிய மிதவை 47 கிலோ வரை தாங்கும், 40 செ.மீ. மிதவை தாங்குவது 33 கிலோதான் என்பதால் உங்கள் 23 கிலோவுக்கு அதில் இடைவெளி போதாது. அமைதியான கடலில் மட்டும், அகலமாகச் சுற்றி ஓட்டி, கயிறு என்ஜின் விசிறியை நெருங்காமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் ஓட்டினால் மட்டுமே இது சரிவரும்.

விஞ்சு தயாரானதும் நேராகக் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். படகு கரையில் இருக்கும்போதே 50 கிலோ மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டி, அணியத்து உருளி வழியாகத் தூக்கி, பாதியில் பிடியை விட்டு ராட்செட் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒருவர் பலகையின் அடியில் குனிந்து போல்ட்டுகளைக் கவனிக்கட்டும். பிடியைத் தண்டோடு சேர்க்கும் ஊசியை ஒரு சாண் நூலால் சட்டத்தில் கட்டி வையுங்கள், இருட்டில் கடலில் விழாது. விஞ்சின் பக்கத்திலேயே உறையோடு ஒரு கத்தியும் இருக்கட்டும்.