சீனாவில் ஆங்கிலம் கற்பிக்க: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்து ஆறு வருடம் பள்ளியில் வேலை பார்த்திருக்கிறேன். "பிசினஸ் விசாவில் போங்கள், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிவிடலாம்" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? – வாசகர், மதுரை

பதில்: பணம் கொடுக்காதீர்கள். பிசினஸ் விசாவில் (எம் விசா) வகுப்பெடுத்தால் அது சட்டவிரோத வேலை. அபராதம் 5,000 முதல் 20,000 யுவான். குற்றம் பெரிது என்று கருதினால் 5 முதல் 15 நாள் காவல். மாட்டிக்கொள்வது நீங்கள்தான், ஏஜென்ட் அல்ல. நேர்வழி ஒன்றே: பள்ளி உங்கள் பெயரில் வேலை அனுமதிக்கான அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அதைக் காட்டி இசட் விசா (வேலை விசா) எடுத்த பிறகே விமானம் ஏற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட்டைத்தான் கேட்கிறார்கள். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட்டில் 'ஆங்கில ஆசிரியர்' அனுமதி கிடைப்பது அரிது. பி.எட். இருந்தால் அனுபவ நிபந்தனையில் சலுகை உண்டு. பாஸ்போர்ட் நிபந்தனையில் இல்லை. இது அநியாயம்தான். ஆனால் தெரியாமல் போய் ஏமாறுவதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது. கணிதம், அறிவியல் படித்தவர்களுக்கு சர்வதேசப் பள்ளிகளில் பாட ஆசிரியராகும் வழி இருக்கிறது.

கேள்வி: கனடா பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். செங்டுவில் ஒரு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. போனதும் எதை முதலில் செய்வது? – வாசகி, டொராண்டோ

பதில்: புறப்படும் முன் பட்டத்துக்கும் போலீஸ் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வாங்குங்கள். சீனாவில் 2023 நவம்பர் 7 முதலும் கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும் அது நடைமுறையில் இருக்கிறது.

இறங்கிய 24 மணி நேரத்துக்குள் போலீஸ் பதிவு. ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். வாடகை வீட்டுக்கு மாறியதும் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாஸ்போர்ட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் கொண்டுபோய்ப் பதிவுச் சீட்டு வாங்குங்கள். அது இல்லாமல் குடியிருப்பு அனுமதி மனு நகராது. வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும்.

அடுத்து சிம் கார்டு, மருத்துவப் பரிசோதனை (காலையில் வெறும் வயிற்றோடு போங்கள்), வேலை அனுமதி, கடைசியாகக் குடியிருப்பு அனுமதி. இந்தக் கடைசி மனுவை நாட்டுக்குள் வந்த 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மனு கொடுத்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். திரும்பக் கிடைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். ரயில் டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் பாஸ்போர்ட்தான் அடையாள அட்டை.

நம் பெயர்கள் தனித் தலைவலி. நீளமான பெயர், அப்பா பெயர், இனிஷியல் என்று இடத்துக்கு ஒரு விதமாக எழுதிவிடுகிறோம். வங்கியில் ஒரு விதம், சிம்மில் வேறு விதம் என்றால் போனில் பணம் கொடுக்கும் செயலிகளான அலிபேயும் வீசாட்டும் 'பெயர் பொருந்தவில்லை' என்று நின்றுவிடும். பாஸ்போர்ட்டில் இருக்கும் வரிசையில், பெரிய எழுத்தில், இடைவெளி உட்பட எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள். கவுன்டரை விட்டு நகரும் முன் திரையில் பாருங்கள்.

முதல் சம்பளம் வரும்வரை வெளிநாட்டு கார்டை அலிபேயில் இணைத்துச் செலவு செய்யலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். வாட்ஸ்அப், கூகுள் அங்கே திறக்காது, வங்கி ஓ.டி.பி.க்காகக் கனடா சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள்.

கேள்வி: சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? – வாசகி, லண்டன்

பதில்: முடியும். "வோ ச்சீ சூ" (நான் சைவம்) என்றால் புரியும், ஆனால் போதாது. காய்கறிப் பொரியலிலும் பன்றிக் கொழுப்பு, சிப்பி சாஸ், கோழிப் பொடி சேரும். இந்த மூன்றும் வேண்டாம் என்று சீன எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள். பாகற்காய், வெண்டைக்காய், பாசிப்பயறு, சீரகம் கிடைக்கும். துவரம்பருப்பும் பெருங்காயமும் கொண்டுபோங்கள். மின்சாரம் 220 வோல்ட், மிக்ஸி ஓடும். பிரிட்டன் பிளக் பொருந்தாது, அடாப்டர் தேவை.

கேள்வி: வகுப்பில் 45 பேர். கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. – ஆசிரியர், வூஹான்

பதில்: பதில் தெரியாமல் இல்லை. எல்லார் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். ஒருவரை எழுப்பிக் கேட்காதீர்கள். கேள்வியைப் பலகையில் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். பிறகு ஜோடியாகவே எழுப்பினால் தைரியம் வரும். உச்சரிப்பில் எல்லாவற்றையும் திருத்த வேண்டாம். சொல்லின் கடைசி மெய் விழுங்கப்படுவதை மட்டும் முதல் மாதம் கவனியுங்கள். 'பேக்' என்பதில் கடைசி ஒலி கேட்காவிட்டால் அது பையா, முதுகா என்றே தெரியாது.