சிங்கப்பூரா, மலேசியாவா: வாழ்க்கைத் தரம் எங்கே மேல்?

கேள்வி: சிங்கப்பூர், மலேசியா இரண்டில் எங்கே வாழ்வது நல்லது? மலேசிய எல்லை நகரமான ஜொகூர் பாருவில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று வைத்துக்கொண்டால் இரண்டின் லாபமும் கிடைக்குமா?

நான் ஜொகூர்க்காரன், வேலை சிங்கப்பூரில். அதனால் இரண்டாவது கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

காகிதத்தில் இதை அடித்துக்கொள்ள முடியாது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அங்கே ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே ஒரு குடும்பத்துக்கான முழு வீடே எடுக்கலாம். கார் விஷயம் இன்னும் வேடிக்கை. சிங்கப்பூரில் பத்து வருடம் கார் வைத்திருக்கும் உரிமைக்கான சான்றிதழே அண்மை ஆண்டுகளில் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. காரின் விலை தனி!

காகிதத்தில் வராதது, ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம். நீளம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் தினமும் லட்சக்கணக்கானோர் அதைக் கடக்க வேண்டும். விடிவதற்குள்ளேயே மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டிவிடும். மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். பாஸ்போர்ட்டுக்குப் பதில் கியூஆர் குறியீட்டைக் காட்டும் முறை வந்தபின் குடிநுழைவுச் சோதனை வேகமாகிவிட்டது, பாலத்தின் அகலம்தான் அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையோ பள்ளி விடுமுறையோ என்றால் எப்போது வீடு வந்து சேருவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சப்பட்ட பணத்தில் ஒரு பங்கைத் தூக்கமாகத் திருப்பிக் கட்டுகிறோம்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியில் 55 வயதுவரை ஊழியர் 20 சதவீதம், முதலாளி 17 சதவீதம் போடுவார்கள். ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். வேலை பெர்மிட்டில் போய்வரும் மலேசியருக்குக் கைக்கு வரும் சம்பளத்தோடு சரி. இங்கே ஊழியர் சேமநிதியில் நாமாகவே கட்டலாம். கட்டுகிறவர்களைத்தான் அதிகம் காணோம்.

சரி, நிரந்தரவாசியாகி அங்கேயே தங்கினால்? பஸ், ரயில், இரவில் பெண்கள் தனியே நடக்கும் தைரியம், இவற்றில் ஜொகூர் பாரு பக்கத்தில்கூட நிற்க முடியாது. இங்கே கார் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரி. ஆனால் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் மகன் இரண்டு வருடம் தேசிய சேவை (ராணுவம் போன்றவற்றில் கட்டாயப் பணி) செய்தாக வேண்டும். விண்ணப்பம் போடும்போது அவன் தவழ்ந்துகொண்டிருப்பான், யாருக்கும் அது உறைக்காது.

மலேசியாவிலேயே இருப்பவர்களுக்கு அரசு கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டில் டாக்டரைப் பார்க்கலாம், காத்திருக்கப் பொறுமை வேண்டும். 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கணக்குப் பாடத்தைத் தமிழிலேயே படிக்கும் பிள்ளைகளை இங்கே பார்க்கலாம். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, ஆனால் பள்ளியில் ஒரு பாடம் மட்டுமே. தைப்பூசத்துக்கு ஜொகூரில் பொது விடுமுறை. சிங்கப்பூர் அதை 1968இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எனக்கு இதெல்லாம் வாழ்க்கைத் தரத்தில் சேர்த்திதான்.

தனியாள், கடன் அடைக்க வேண்டும் என்றால் சில வருடம் பாலத்தைக் கடக்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஏதாவது ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையிலான ரயில் ஓடத் தொடங்கினால் இந்தப் பதிலை மாற்றி எழுத வேண்டியிருக்கும். பயணம் ஐந்தே நிமிடம், இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும் என்கிறார்கள். அப்போது ஸ்டேஷன் பக்கத்து வாடகை என்னவாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.