இலங்கையின் நட்டுவாக்காலி: கேள்வி பதில்

கேள்வி: விறகுக் கட்டையைப் புரட்டினேன். அடியில் விரல் நீளத்தைத் தாண்டிய ஒரு கருந்தேள். கொட்டியிருந்தால் உயிருக்கு ஆபத்தா ஐயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. கடுக்கும், வீங்கும், அவ்வளவுதான். நீங்கள் பார்த்தது நட்டுவாக்காலியாக இருக்கும். அறிவியல் பெயர் ஹெட்டரோமெட்ரஸ் இண்டஸ். இலங்கைக்கே உரிய தேள் இது. 1778இல் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் டி கீர் 'இண்டஸ்' என்று இந்தியாவை அதன் தலையில் கட்டிவிட்டார்! இடுக்கி தடித்து வால் மெலிந்திருந்தால் விஷம் குறைவு என்பது தோராயமான கணக்கு. இரையை இடுக்கியாலேயே நசுக்க முடிந்தவனுக்குக் கொடுக்கு எதற்கு?

கேள்வி: கிட்டப் போனால் 'ஸ்ஸ்' என்கிறதே, வாயாலா?

பதில்: இல்லை. இடுக்கியின் அடிப்பகுதியை முன்னங்காலின் அடிப்பகுதியோடு உரசுகிறது. 'தள்ளிப் போ' என்று அர்த்தம். போய்விடுங்கள்.

கேள்வி: ஒன்றின் முதுகு முழுக்க வெள்ளைப் புழுக்கள். தேளைத் தின்கின்றனவா?

பதில்: புழு இல்லை, குஞ்சுகள். தேள் முட்டையிடாது, குட்டி போடும். பிறந்ததும் அம்மாவின் காலைப் பற்றி ஏறி, முதல் தோல் உரியும் வரை முதுகிலேயே ஒண்டிக்கிடக்கும். வெள்ளை வெளேரென்று, கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு பிறக்கும் என்று பாட்டி சொன்ன கதை எனக்கும் தெரியும். பொய். அம்மா நன்றாகவே இருக்கிறாள்.

கேள்வி: நான் யாழ்ப்பாணம். அண்ணை, இங்கே சின்னச் செந்தேள் கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களே?

பதில்: அது வேறு ஆள், தம்பி. ஹொட்டென்டோட்டா டாமுலஸ். பெயரிலேயே தமிழ் இருக்கிறது! இந்தியாவில் பரவலாக உண்டு. இதற்கு இடுக்கி மெலிந்தது, விஷம் கடுமை, இதயத்தைத் தாக்கும். வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கை கால் சில்லிடுவது, படபடப்பு வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். குழந்தை என்றால் அறிகுறிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். கயிறு கட்டுவது, கீறி இரத்தம் எடுப்பது இரண்டும் கூடாது. ஆஸ்பத்திரியில் பிரசோசின் மாத்திரை கொடுப்பார்கள். அது நன்றாக வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், கறுப்பைக் கண்டு அலறுகிற நாம் இந்தச் சின்னதை அலட்சியம் செய்கிறோம்.

கேள்வி: இரவில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புற ஊதா டார்ச் வாங்குங்கள். தேள் பச்சை நீலமாக ஒளிரும். தோல் உரித்த புதிதில் மட்டும் அவ்வளவு ஒளிராது. அப்புறம், காலையில் செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.