முழு மயக்கத்தில் ஞானப்பல் ஆபரேஷன்: காலையில் காபி குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கீழ்த்தாடையின் இரண்டு ஞானப்பற்களும் எலும்புக்குள் படுத்தவாக்கில் இருப்பதால், முழு மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும் என்கிறார்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். அன்று காலை ஒரு வாய் காபியாவது குடிக்கலாமா? மயக்கம் தெளியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. சரியாக எத்தனை நாள் ஆகும்?

பதில்: பால் கலந்த காபி வேண்டாம். பால் வயிற்றுக்கு உணவு மாதிரிதான். உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேர இடைவெளி தேவை. வெறும் தண்ணீரை, பொதுவாக பால் இல்லாத காபியையும், 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். உங்கள் மருத்துவமனை இன்னும் முன்பே நிறுத்தச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். மயக்கத்தில் இருமலும் விழுங்கும் அனிச்சையும் நின்றுவிடும். அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் மறைக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போனால் போகட்டும்.

ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலையும் போட வேண்டும், சிலவற்றை நிறுத்தச் சொல்வார்கள். மாத்திரை அட்டையையே எடுத்துப் போய் மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள். ஆடும் பல், குறட்டை, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் வந்த சிக்கல், எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் பயத்தையும் சொல்லுங்கள். ஆபரேஷன் முடியும்வரை உங்கள் மூச்சையும் நாடித்துடிப்பையும் கவனிப்பதுதான் அவருடைய வேலை. கண்விழிக்கும்போது தொண்டை கரகரக்கும். மூச்சுக்காக வைக்கும் குழாயை மூக்கு வழியாக விட்டிருந்தால் மூக்கில் லேசாக ரத்தம் கசியலாம். இரண்டும் தானாகச் சரியாகிவிடும். துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம் வீட்டில். பல் எடுத்த குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் எலும்புக்குக் கவசம். அதனால் முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள், வேகமாகத் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வேண்டாம். புகை கூடவே கூடாது. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையை மெதுவாகச் சாய்த்து வெளியே வழிய விடுங்கள். மரத்துப்போன உதட்டைத் தெரியாமல் கடித்துக்கொள்வார்கள், சூடும் தெரியாது. உணர்வு திரும்பும்வரை ஆறியதையே சாப்பிடுங்கள். மரப்பு விடுவதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலி ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். வாய் சரியாகத் திறக்காது. கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்குப் பிறகு வடியும். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்துக்குள் வேலைக்குப் போய்விடுவார்கள். குறைந்துவந்த வலி மூன்று, நான்கு நாள் கழித்து மறுபடி ஏறி, காது வரை இழுத்து, வாயில் நாற்றமும் வந்தால் ரத்தக்கட்டி விலகியிருக்கலாம். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி குறையும்.

மடித்த காஸ் துணியை அரைமணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலோ டாக்டருக்கு போன் செய்யுங்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் போனில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.