பதுவாவில் வாங்கிய 22

அன்புள்ள அண்ணா,

எராஸ்மஸ் முண்டுஸ் என்ற ஐரோப்பிய உதவித்தொகையில் கணித முதுகலை படிக்கிறேன். முதலாண்டு இத்தாலியில் பதுவா, இப்போது பிரான்சில் பொர்தோ. பதுவாவில் வாய்மொழித் தேர்வு என்று கரும்பலகை முன்னால் நிற்கவைத்து, மற்ற மாணவர்கள் பார்க்கக் கேள்வி கேட்டார்கள். எழுதச் சொன்னால் எழுதியிருப்பேன். பேச்சு வரவில்லை. முப்பதுக்கு 22. பொர்தோவில் இருபதுக்கு 13. அப்பா கவலைப்படுகிறார். ஊர் மாறியதில் நண்பர்களும் இல்லை. முனைவர் பட்டத்துக்கு இங்கேயே முயலவா, ஊர் திரும்பவா?

கே.

அன்புள்ள கே.,

பிரான்சில் இருபதுக்கு இருபது லேசில் போடமாட்டார்கள், 12 தாண்டினாலே பாராட்டுக் குறிப்பு உண்டு என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நண்பர்கள் கிடைப்பார்கள். அதற்கெல்லாம் கடிதம் வேண்டாம்.

அந்த 22-ஐ மட்டும் என்னால் விட முடியவில்லை. போன வாரம்தான் உறவுக்காரப் பெண் ஒருத்தி தன் கல்லூரி வைவாவை, அதாவது நம் ஊர் வாய்மொழித் தேர்வைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வைவாவும் அப்படித்தான். வெளியூரிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டர்னல், முந்திரி பக்கோடாவைச் சாப்பிட்டபடி ரெக்கார்டு நோட்டைப் புரட்டினார். "சொந்த ஊர் எது?" என்றார். சொன்னேன். "அங்கே தேர் எப்போது?" என்றார். அதையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் படித்தது என்ன என்று இந்த நிமிடம் வரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

உங்களைக் கேட்டிருக்கிறார்கள் தம்பி! நீங்கள் அழுகிறீர்கள்.

"எழுதச் சொன்னால் எழுதியிருப்பேன்" என்பதை நான் நம்பவில்லை. மூடிய இடைவெளியில், அதாவது இரண்டு முனைகளும் சேர்ந்த இடைவெளியில், தொடர்ச்சியான சார்புக்கு ஓர் உச்ச மதிப்பு இருக்கும் என்று தாளில் எழுதி, நிரூபணத்தையும் ஒப்பித்துவிடலாம். "அந்த ‘மூடிய’வை எடுத்துவிட்டால்?" என்று ஒருவர் குறுக்கே கேட்டால்தான் விஷயம் தெரியும். 0-க்கும் 1-க்கும் நடுவே 1/x-ஐ வரைந்து, 0-ஐ நெருங்க நெருங்க அது மேலே ஓடிக்கொண்டே இருப்பதைக் காட்டத் தெரிந்தவனுக்குத் தேற்றம் புரிந்திருக்கிறது. மற்றவன் மனப்பாடம் செய்திருக்கிறான். கூச்சம், ஆங்கிலம் என்றெல்லாம் சொல்லாதீர்கள். சாக்பீஸ் கையில் இருக்கும்போது கணிதத்துக்கு எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்?

அதுவும் எந்த ஊரில்! நம் ஊர்க் குருசடிகளில் எல்லாம் நிற்கிற அந்தோனியாரின் பதுவையில். 1678-இல் எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா அங்கேதான் அரிஸ்டாட்டிலை விளக்கி வாய்மொழித் தேர்வு கொடுத்தார். கூட்டம் அதிகம் என்று பேராலயத்தில் வைத்தார்கள். முதலில் கேட்டது இறையியல் பட்டம். பெண்ணுக்குத் தரமாட்டேன் என்று பிஷப் மறுத்ததால் தத்துவத்தில் கொடுத்தார்கள். பல்கலைக்கழக முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். அவரும் உங்களைப் போல எல்லார் முன்னாலும்தான் பேசினார்.

அப்புறம், இன்னொன்றைக் கேட்க வேண்டும். இத்தாலியில் மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தவணையில் மறுபடி போய் நிற்கிற வழக்கம் உண்டு. உங்கள் வகுப்பு இத்தாலியர்கள் செய்திருப்பார்களே, பார்க்கவில்லையா? 18 எடுத்தாலே பாஸ் என்பதால் 22-ஐ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டீர்கள். எனக்குக் கோபம் அதில்தான்.

முனைவர் பட்டம் எங்கே என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் பொர்தோவில் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு வரும். அதற்குள் வகுப்பில் யாரையாவது பிடித்து, காலியான அறையில் கரும்பலகை முன்னால் நின்று பேசிப் பாருங்கள். இரக்கமில்லாமல் குறுக்கே கேட்கிற ஆளாக இருக்கட்டும். நண்பர் இல்லை என்றீர்களே, அதுவும் சரியாகும். தேர்வு முடிந்ததும் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். மதிப்பெண்ணை எழுத வேண்டாம்.