பழைய பாலத்தின் படம்: பிரிண்ட்டை ஸ்கேன் செய்வதா, நெகட்டிவையா?

கேள்வி: நூறாண்டுக்கும் மேற்பட்ட ஓர் இரும்புப் பாலத்தை 35 மி.மீ. கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படமெடுத்து, 8×10 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அதைக் கணினியில் சேமிக்க ஸ்கேனர் வாங்க எண்ணுகிறேன். ஒரு பெட்டியில் 4800 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்றும், அதைவிட விலை குறைந்த இன்னொன்றில் 19200 டிபிஐ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: ஸ்கேனரைப் பற்றி முடிவெடுக்கும் முன்பு, உங்கள் பிரிண்ட்டையும் அதற்குரிய நெகட்டிவையும் அருகருகே வைத்து, பாலத்தின் இரு முனைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டகம் 24×36 மி.மீ. அளவுடையது, அதை 8 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் நீளம் 12 அங்குலம் வர வேண்டும். தாளோ 10 அங்குலத்தில் முடிந்துவிடுவதால், ஓரத்தில் வெள்ளை விட்டு முழுச் சட்டகத்தையும் அச்சிடும்படி நீங்கள் கேட்டிருந்தாலன்றி, படத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்பட்டிருக்கும். முகத்தைப் படமெடுத்தவருக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆனால் பாலத்தின் படத்தில் முதலில் பறிபோவது கரையோரத் தூணும், பாலம் நிலத்தோடு சேரும் இடமும்தான். தாளில் இல்லாததை எந்த ஸ்கேனராலும் மீட்டுத்தர முடியாது.

ஒளியின் கணக்கும் நெகட்டிவுக்கே சாதகமாக இருக்கிறது. வெளிறிய வானத்தின் பின்னணியில் கருத்த இரும்பு நிற்கும் காட்சியில், நெகட்டிவ் பதிவு செய்துகொள்ளும் வெளிச்ச வேறுபாடு முழுவதையும் தாளால் காட்ட இயலாது. அச்சிடுபவர் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும் என்பதால், மேகங்கள் வெறும் வெள்ளையாகவோ, தளத்துக்கு அடியிலுள்ள ஆணி வரிசைகள் வெறும் கறுப்பாகவோ போய்விடுகின்றன. சரியான அளவில் ஒளி கொடுத்து எடுத்த நெகட்டிவில் பெரும்பாலும் இவ்விரண்டுமே இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இன்று பல லேப்களில் நெகட்டிவை இயந்திரமே ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பிலிருந்து லேசர் ஒளியால் தாளில் படத்தைப் பதிக்கிறது. உங்கள் பிரிண்ட் அப்படி வந்ததென்றால், அதை மீண்டும் ஸ்கேன் செய்வது நகலுக்கு நகல் எடுப்பதாகும். மாறாக, இருட்டறையில் ஒருவர் கையால் நிழலைக் குறைத்தும் வானத்தைக் கூட்டியும் போட்டுத்தந்த பிரிண்ட் என்றால், அது தனி மதிப்புடைய ஒரு படைப்பு. அப்போது இரண்டையும் ஸ்கேன் செய்து வையுங்கள்.

இனி எண்களுக்கு வருவோம். 19200 என்பது, கருவி உண்மையில் கண்ட புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் கணக்கிட்டுச் செருகும் புள்ளிகளையும் சேர்த்த எண்ணாகவே இருக்கும். நீங்கள் தேட வேண்டியது ‘ஆப்டிகல்’ என்று குறிப்பிடப்பட்ட எண்ணை மட்டுமே. பிரிண்ட்டை அதே அளவில் திரும்ப அச்சிட 300 டிபிஐ போதும், இரு மடங்காக்க 600 போதும். 8×10 அங்குலத்தை 600-இல் ஸ்கேன் செய்தால் 4800×6000, அதாவது 2.88 கோடி பிக்சல்கள் கிடைக்கும். அதற்கு மேல் போனால் தாளின் மேற்பரப்பும் தூசியும்தான் பெரிதாகத் தெரியும். ஆக, பிரிண்ட்டுக்கு மட்டும் என்றால் இரண்டு எண்களுமே உங்களுக்குத் தேவைக்கு மிஞ்சியவை. நெகட்டிவின் நிலை வேறு. அவ்வளவு சிறிய சட்டகத்திலிருந்து ஏறத்தாழ 5670×3780 பிக்சல்கள் பெற 4000 டிபிஐ வேண்டும்; மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனராகவும் இருக்க வேண்டும், ஏனெனில் ஒளி ஃபிலிமை ஊடுருவி வர வேண்டும். மெல்லிய, விலை குறைந்த பல ஸ்கேனர்களில் இருக்கும் சிஐஎஸ் வகை உணரி, கண்ணாடியை ஒட்டியிருப்பதை மட்டுமே கூர்மையாகக் காணும் என்பதால், பிளாஸ்டிக் பூச்சில்லாத, சுருளும் இயல்புள்ள ஃபைபர் தாள் பிரிண்ட்டுக்கு, லென்ஸ் வழியாகக் காணும் சிசிடி வகை உணரியே ஏற்றது.

ஒன்றிரண்டு ரோல்தான் இருக்கிறது என்றால் ஸ்கேனர் வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து நெகட்டிவை நல்ல லேப்பில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பெட்டி பெட்டியாக நெகட்டிவ் வைத்திருப்பவருக்குத்தான் கருவி வாங்குவது கட்டுப்படியாகும்.

கேள்வி: ‘ஹை ரெசல்யூஷன்’ ஸ்கேன் என்று கூடுதல் கட்டணம் வாங்கிய லேப், 1800×1200 பிக்சல் ஜேபெக் கோப்புகளைத் தந்திருக்கிறது. தூசி நீக்கவும் தனியாகப் பணம் வாங்கினார்கள். இது முறையா?

பதில்: அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு ஏதும் இல்லாததால், வாய்மொழியாகப் பேசி முடித்தால் வாதிடுவது கடினம். உங்களுக்குக் கிடைத்த கோப்பு 4×6 அங்குல அச்சுக்குத்தான் போதுமானது. அடுத்த முறை நீள அகலத்தைப் பிக்சல் எண்ணிக்கையாகவும், கோப்பு தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் (TIFF) வகை என்றும், செயற்கையாகக் கூர்மையேற்றக் கூடாது என்றும், நெகட்டிவ் உறையிலிட்டுத் திருப்பித் தரப்பட வேண்டும் என்றும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். முழு ரோலையும் ஒப்படைக்கும் முன்பு ஒரே ஒரு சட்டகத்தை ஸ்கேன் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

தூசி நீக்கக் கொடுத்த பணத்தை, ஃபிலிம் எந்த வகை என்பதைப் பொறுத்துத் திரும்பக் கேட்கலாம். தானாகத் தூசியைக் கண்டறியும் முறை அகச்சிவப்பு ஒளியால் இயங்குகிறது. வழக்கமான கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படமாக நிற்கும் வெள்ளியே அந்த ஒளியைத் தடுப்பதால், கருவி படத்தையே தூசியென்று கருதி நுண்விவரங்களை மழுங்கடித்துவிடும். கலர் ஃபிலிமைப் போலவே கழுவப்படும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்கு இம்முறை பொருந்தும். உங்களுடையது வெள்ளி ஃபிலிம் என்றால், கையால் புள்ளி புள்ளியாகத் திருத்தினார்களா என்று கேளுங்கள். அப்படித் திருத்தியிருந்தால் மட்டுமே அந்தக் கட்டணம் நியாயமானது.

கேள்வி: நெகட்டிவ் தொலைந்துவிட்டது. மேற்பரப்பில் மணிமணியாகப் பதிவுள்ள பிரிண்ட் மட்டுமே இருக்கிறது. ஸ்கேன் செய்தால் பாலம் முழுவதும் மினுக்குப் புள்ளிகள் தெரிகின்றன.

பதில்: ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்தே விழுவதால் அந்த மேடுகள் மின்னுகின்றன. ஒருமுறை ஸ்கேன் செய்தபின் பிரிண்ட்டை 180 பாகை திருப்பி மறுமுறை ஸ்கேன் செய்து, மென்பொருளில் இரண்டையும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரியாக்கினால் மினுக்கு வெகுவாகக் குறையும். கேமராவும் முக்காலியும் இருந்தால் அதைவிட நல்ல வழி உண்டு: பிரிண்ட்டைத் தட்டையாக வைத்து, இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் ஒரே வகை விளக்குகள் இரண்டை அமைத்து, நேர் மேலிருந்து படமெடுங்கள். எக்காரணம் கொண்டும் ஈரத் துணியால் பிரிண்ட்டைத் துடைக்காதீர்கள். நெகட்டிவ் இல்லாத நிலையில் உங்களிடம் இருப்பது அது ஒன்றே. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.